பரணில் கிடந்த டிவி, போட்டதும் ஏன் புகைகிறது?

"எடுத்து வைக்கும்போது நல்லாத்தான் ஓடிச்சு. இப்போ போட்டதும் டப்புனு போயிடுச்சு." பழைய மின்சாதனங்களைப் பற்றி அடிக்கடி கேட்கிற புகார் இது. காரணம் சொல்லவும் அக்கம்பக்கத்தில் ஆள் உண்டு. வோல்டேஜ் ஏறியிருக்கும், ஈரம் இறங்கியிருக்கும், எலி கடித்திருக்கும், கண்டென்சர் போயிருக்கும் என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். இவை ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சாதனத்துக்குப் பொருந்தும். ஆனால் எந்தக் காரணம் எதற்குப் பொருந்தும் என்று பிரித்துப் பார்க்காததால், காப்பாற்றியிருக்கக்கூடிய ரேடியோ கருகுகிறது, தூக்கி எறிந்திருக்க வேண்டிய வாட்டர் ஹீட்டர் ஷாக் அடிக்கிறது.

இந்தக் குழப்பத்துக்கு அடியில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. பயன்படுத்தாத பொருள் தேயாது, வைத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கை. பித்தளைக் குடத்துக்கு அது சரி. மின்சாதனத்துக்குச் சரியில்லை. அதற்குள் இருக்கும் சில பாகங்கள், தங்கள் வழியாக மின்சாரம் போய்வருவதாலேயே நல்ல நிலையில் இருப்பவை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு வருடக்கணக்கில் சும்மா வைத்தால் அவை தாமாகவே கெடத் தொடங்கும்.

தமிழ்நாட்டில் இதைத் தெரிந்துகொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த வண்ணத் தொலைக்காட்சி, 2011 தேர்தலுக்குப் பிறகு கொடுத்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை, வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே என்று பெட்டியைப் பிரிக்காமல் பரணில் ஏற்றி வைத்தவர்கள் இருக்கிறார்கள். பெட்டி பிரிக்காததால் அது புதுசு என்று நினைப்போம். உள்ளே இருக்கும் பாகங்களுக்கு வயது தயாரித்த தேதியிலிருந்து ஓடுகிறது.

சுவிட்சைப் போட்ட நொடியில் நடப்பது

ஒரு சாதனம் ஓடிக்கொண்டிருக்கும்போது கெடுவதைவிட, போடும்போது கெடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். முன்பெல்லாம் குண்டு பல்பு எப்போது ஃபியூஸ் போகும்? பெரும்பாலும் சுவிட்சைத் தட்டும்போதுதான். அதற்குக் காரணம் இருக்கிறது. குளிர்ந்திருக்கும் இழையின் மின்தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மின்தடை என்றால் மின்னோட்டத்தை எதிர்க்கும் தன்மை. எதிர்ப்பு குறைவாக இருப்பதால், போட்ட கணத்தில் வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் மின்னோட்டம் பாய்கிறது. இழையில் ஏற்கெனவே மெலிந்து போன இடம் அந்தக் கணத்தில் அறுந்துவிடும்.

மற்ற சாதனங்களிலும் இந்த முதல் பாய்ச்சல் உண்டு. சுழலாமல் நிற்கும் மோட்டார், சுழலும் மோட்டாரைவிடப் பல மடங்கு மின்னோட்டம் எடுக்கும். டிவிக்குள் மின்னூட்டத்தைச் சேர்த்து வைக்கும் கெபாசிட்டர் என்ற பாகம் காலியாக இருக்கும், நிரம்புவதற்காக அது மின்சாரத்தை வேகமாக உறிஞ்சும். நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் நடந்து முடிகிற காரியம் இது. நல்ல நிலையில் இருக்கும் சாதனம் இதைத் தாங்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது.

ஆகவே வீட்டில் வோல்டேஜ் ஏறியிருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. சரியான 230 வோல்ட் வந்தாலும் அந்த முதல் நொடி கடுமையான நொடிதான். கேடு முன்பே, பரணில் இருந்தபோதே நடந்துவிட்டது. சுவிட்சைப் போட்டபோது அது வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். ஸ்டெபிலைசர் மாட்டிப் போட்டிருந்தாலும் பயன் இருந்திருக்காது. ஸ்டெபிலைசர் வோல்டேஜைத்தான் சமன் செய்யும், உள்ளே பலவீனமாகிப்போன பாகத்தைச் சரிசெய்யாது.

காய்ந்த வாய்க்காலும் கெபாசிட்டரும்

களிமண் வாய்க்கால் ஒன்று கோடை முழுக்கத் தண்ணீரில்லாமல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கரையெல்லாம் வெடிப்பு. அந்த நிலையில் மடையை முழுசாகத் திறந்துவிட்டால், தண்ணீர் வெடிப்புக்குள் புகுந்து அரித்துக்கொண்டே போய்க் கரை உடைப்பெடுத்துவிடும். விவசாயம் தெரிந்தவர் அப்படிச் செய்யமாட்டார். மடையைக் கொஞ்சமாகத் திறப்பார். முதலில் வருகிற தண்ணீர் வெடிப்புகளில் கசியும். கசிகிற அதே தண்ணீரால் களிமண் ஊறி, உப்பி, வெடிப்பை மூடும். கசிவு நின்ற பிறகு மடையை முழுசாகத் திறந்தாலும் கரை தாங்கும். எந்தத் தண்ணீர் கரையை உடைக்குமோ அதே தண்ணீர்தான் கரையை அடைக்கவும் செய்கிறது. எவ்வளவு, எந்த வேகத்தில் விடுகிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

டிவி, ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், கம்ப்யூட்டர் போன்றவற்றில் இருக்கும் ஒரு பாகம் ஏறத்தாழ இப்படித்தான் நடந்துகொள்கிறது. அதன் பெயர் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர். மின்னூட்டத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது கொடுக்கும் பாகத்துக்குக் கெபாசிட்டர் என்று பெயர். கடையில் கண்டென்சர் என்பார்கள். எந்தக் கெபாசிட்டரிலும் இரண்டு உலோகத் தகடுகள் இருக்கும், அவற்றுக்கு நடுவே மின்சாரம் கடக்காத ஒரு தடுப்பு இருக்கும். எலக்ட்ரோலிட்டிக் வகையில் அந்தத் தடுப்பு எதனால் ஆனது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

மின்சாரத்தால் வளர்த்த படலம்

பழைய சர்க்யூட் போர்டுகளில் சிறிய உருளை டப்பாக்கள் நின்றுகொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்றைப் பிரித்தால் உள்ளே நீளமான அலுமினியத் தாள் இரண்டு, நடுவே ஒரு காகிதம், மூன்றும் சேர்த்துப் பாய்போலச் சுருட்டியிருக்கும். காகிதம் ஒரு திரவத்தில் ஊறியிருக்கும். இந்தத் திரவத்துக்கு எலக்ட்ரோலைட் என்று பெயர். மின்சாரத்தைக் கடத்தும் திரவம் என்று புரிந்துகொண்டால் போதும்.

காகிதம்தான் தடுப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. காகிதம் திரவத்தைப் பிடித்து வைத்திருக்கிறது, தாள்கள் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்கிறது, அதோடு சரி. உண்மையான தடுப்பு, ஓர் அலுமினியத் தாளின் மேல் படிந்திருக்கும் அலுமினிய ஆக்சைடு படலம். அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் வருவது. 450 வோல்ட் தாங்கும் கெபாசிட்டரில்கூட இந்தப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானைத் தொடாது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லியது நூற்றுக்கணக்கான வோல்ட்டைத் தடுத்து நிற்கிறது என்பதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு அடங்கவில்லை.

இந்தப் படலத்தைப் பூசுவதில்லை, வளர்க்கிறார்கள். தொழிற்சாலையில் அலுமினியத் தாளைத் திரவத்தில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், திரவத்திலிருந்து ஆக்சிஜன் வந்து அலுமினியத்தோடு சேர்ந்து படலமாகும். எவ்வளவு வோல்ட் கொடுக்கிறோமோ அதற்கேற்ற தடிமன்வரை வளர்ந்து நின்றுவிடும். சில திரவங்களில் மின்சாரத்தை நிறுத்தினாலும் இந்தப் படலம் நிலைத்து நிற்கிறது என்பதைக் கண்டு, 1896-ல் அதற்குக் காப்புரிமை கேட்டவர் போலந்து நாட்டுப் பொறியாளர் கரோல் போலாக். இன்று நம் வீடுகளில் இருக்கும் கெபாசிட்டர்களும் அந்த அடிப்படையில்தான் ஓடுகின்றன.

நிலைத்து நிற்கிறது என்றாலும் என்றென்றைக்கும் அல்ல. சும்மா இருக்கும் காலத்தில் அந்தத் திரவமே படலத்தை அங்கங்கே மெல்லக் கரைக்கிறது, பலவீனப்படுத்துகிறது. சாதனம் அடிக்கடி ஓடிக்கொண்டிருந்தால் பிரச்சினை இல்லை. பலவீனமான இடத்தில் துளி மின்சாரம் கசியும், கசிந்த இடத்தில் புதிய ஆக்சைடு உருவாகி அடைபடும். தடுப்பின் வழியே இப்படித் தப்பிப் போகும் மின்சாரத்துக்குக் கசிவு மின்னோட்டம் என்று பெயர். தினமும் போடுகிற டிவியில் இந்தப் பழுதுபார்ப்பு யாருக்கும் தெரியாமல் நடந்துகொண்டே இருக்கிறது. வருடக்கணக்கில் போடாத டிவியில் கேடு மட்டும் நடக்கிறது, பழுதுபார்ப்பு நடப்பதில்லை.

இப்போது அந்த டிவியை நேராகப் பிளக்கில் சொருகுகிறோம். நமக்கு வருவது 230 வோல்ட் என்றாலும், மாறு மின்சாரத்தின் அலை உச்சியில் ஏறத்தாழ 325 வோல்ட்டைத் தொடும். டிவியின் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டர் அந்த உச்சிவரை நிரம்பும். படலத்தில் பலவீனமான இடங்கள் நிறைய இருந்தால் கசிவு பெரிதாக இருக்கும். கசிவு வெப்பத்தைக் கிளப்பும், வெப்பம் கசிவை இன்னும் கூட்டும். உள்ளே வாயு உண்டாகி டப்பா உப்பும். அந்த டப்பாவின் தலையில் சிலுவைபோல ஒரு கீறல் இருக்கும். அது அலங்காரமல்ல, அழுத்தம் மிஞ்சினால் அந்த இடத்தில் பிளந்து வாயு வெளியேற வேண்டும் என்று வேண்டுமென்றே செய்த பலவீனம். நாம் கேட்கும் "டப்" பல நேரம் அதுதான்.

இதே கெபாசிட்டருக்கு முதலில் குறைந்த வோல்ட் கொடுத்து, மின்னோட்டம் எல்லை மீறாமல் பார்த்துக்கொண்டு, மெல்ல மெல்ல ஏற்றினால், கசியும் மின்சாரமே படலத்தை மறுபடி வளர்த்துவிடும். இதற்கு ரீஃபார்மிங் என்று பெயர். இது பழைய ரேடியோ ஆர்வலர்களின் கைவைத்தியம் அல்ல. மில்களில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த டிரைவ் என்ற கருவி வைத்திருப்பார்கள். அதை ஓரிரு வருடத்துக்கு மேல் சும்மா வைத்திருந்தால், முழு மின்சாரம் கொடுப்பதற்கு முன் ரீஃபார்மிங் செய்யுங்கள் என்று தயாரிப்பாளர்களே கையேட்டில் எழுதுகிறார்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் தடுப்பு, மின்சாரம் வளர்த்த ஒரு மெல்லிய படலம். சும்மா இருந்தால் அது நலியும். முழு வோல்ட்டை ஒரேயடியாகக் கொடுத்தால் உடையும், மெதுவாகக் கொடுத்தால் தேறும்.

தேறாத கேடு ஒன்று

படலம் நலிவது ஒன்று, திரவம் வற்றுவது வேறொன்று. இரண்டையும் சேர்த்து "கண்டென்சர் காஞ்சுபோச்சு" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த டப்பாவின் அடியில் ஒரு ரப்பர் அடைப்பு இருக்கும். அதன் வழியே திரவம் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத அளவில் வருடக்கணக்கில் வெளியேறுகிறது. திரவம் வற்றிய கெபாசிட்டர் வெடிக்காமலே செத்துப்போகும். டிவி உயிர் பெறாது, அல்லது போட்டதும் விட்டுவிட்டு அணையும், ஆம்ப்ளிஃபையரில் உம்மென்ற இரைச்சல் கேட்கும். ரீஃபார்மிங் இதற்கு உதவாது, ஏனென்றால் படலத்தை வளர்க்கும் ஆக்சிஜன் அந்தத் திரவத்திலிருந்துதான் வரவேண்டும். பாகத்தை மாற்றத்தான் வேண்டும்.

வற்றுவதை வேகப்படுத்துவது வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் இந்த வகைக் கெபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்கள் கையில் வைத்திருக்கும் பொதுக் கணக்கு. மேல்தளத்து வீட்டில் மிகச் சூடான இடம் எது? மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே இருக்கும் பரண். அங்கேதான் நாம் டிவியை ஏற்றி வைக்கிறோம். கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தால் இன்னும் சில வருடம் தாக்குப்பிடித்திருக்கும்.

ஆனால் பயப்படுத்தவும் நான் விரும்பவில்லை. அண்மைக் காலக் கெபாசிட்டர்களின் திரவம் முன்பைவிட எவ்வளவோ மேம்பட்டது. நாலைந்து வருடம் மூடி வைத்த சாதனங்களில் பெரும்பாலானவை ஒரு தொல்லையும் இல்லாமல் ஓடிவிடும். 1970, 80-களின் ரேடியோ, கறுப்பு வெள்ளை டிவி போன்றவற்றில்தான் கவனம் அதிகம் தேவை.

கண்டென்சர் எல்லாம் ஒரே சாதி இல்லை

சீலிங் ஃபேனில் ஒரு கண்டென்சர் இருக்கிறது. பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட். அது சேமிக்கக்கூடிய அளவைச் சொல்லும் எண் அது. அதற்குள் திரவமும் இல்லை, ஆக்சைடு படலமும் இல்லை. உலோகம் பூசிய பிளாஸ்டிக் தாள்தான். அதனால் மேலே சொன்ன கதை அதற்குப் பொருந்தாது, ரீஃபார்மிங் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. ஃபேன் உறுமுகிறது, கையால் தள்ளிவிட்டால் சுற்றுகிறது என்றால் கண்டென்சரின் அளவு குறைந்திருக்கும். குறைந்த விலைதான், மாற்றிவிடலாம்.

இன்னொரு வகை, புகைக்குப் பேர்போனது. கம்ப்யூட்டர், ஒலிக்கருவி போன்றவற்றில் மின்கம்பி உள்ளே நுழையும் இடத்தில், மின் இரைச்சலை வடிகட்ட ஒரு கெபாசிட்டர் வைப்பார்கள். 1970, 80-களில் இதைக் காகிதத்தில் உலோகம் பூசி, மேலே கண்ணாடி மாதிரித் தெரியும் பிசினில் அடைத்துச் செய்தார்கள். காலப்போக்கில் பிசின் விரிசல் விடும், விரிசல் வழியே காற்றின் ஈரம் காகிதத்துக்குள் இறங்கும். பிறகு மின்சாரம் கொடுத்தால் அடர்ந்த புகையும் நாள் கணக்கில் போகாத நாற்றமும்தான். 1981-ல் பிரிட்டனில் வெளிவந்த பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டரை இன்று வாங்கும் ஆர்வலர்கள், போட்டுப் பார்ப்பதற்கு முன்பே இந்தப் பாகத்தைக் கழற்றி மாற்றிவிடுகிறார்கள். அது முழுக்கச் சரியான முடிவு. இந்த வகையை மெதுவாக எழுப்பித் தேற்ற முடியாது. சில சாதனங்களில் இது சுவிட்சுக்கு முன்னாலேயே இருக்கும், பிளக்கைச் சொருகினாலே வேலையைக் காட்டிவிடும்.

மிக்சி, கிரைண்டர், ஃபேன்: உறைந்துபோன எண்ணெய்

மோட்டார் உள்ள சாதனங்களில் கதையே வேறு. சாதாரண மிக்சியில் பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் கிடையாது. அங்கே கெடுவது எண்ணெய். மோட்டாரின் தண்டு ஒரு புஷ்ஷுக்குள் சுழல்கிறது. எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும் உலோக வளையம்தான் புஷ். சும்மா கிடந்தால் எண்ணெய் வற்றி, தூசியோடு சேர்ந்து பிசினாகி, தண்டைப் பிடித்துக்கொள்ளும்.

சுற்ற முடியாத மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் என்ன ஆகும்? மோட்டார் சுழலும்போது, அந்தச் சுழற்சியாலேயே உள்ளே எதிர்த்திசையில் ஒரு வோல்டேஜ் பிறந்து, வரும் மின்னோட்டத்தைக் குறைக்கும். சுழலாவிட்டால் அந்த எதிர்ப்பு இல்லை. பல மடங்கு மின்னோட்டம் பாய்ந்து, சில நிமிடங்களில், மிக்சியில் என்றால் அதற்கும் முன்பே, காயில் கருகிவிடும். "காயில் போச்சு" என்று மெக்கானிக் சொல்வது உண்மைதான். ஆனால் காயிலைக் கொன்றது உறைந்த எண்ணெய்.

இதைத் தடுக்க ஒரு பைசா செலவில்லை. பிளக்கைச் சொருகும் முன்பே கையால் சுற்றிப் பாருங்கள். டேபிள் ஃபேன் இறக்கையைத் தள்ளிவிட்டால் ஒன்றிரண்டு சுற்று தானாகச் சுற்ற வேண்டும். மிக்சியில் ஜாரை எடுத்துவிட்டு, ஜார் உட்காரும் கப்ளரைத் திருகினால் இறுக்கமில்லாமல் திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் மின்சாரத்தை வைத்துத் திருப்ப முயல வேண்டாம். எண்ணெய் விடுங்கள், ஊறட்டும், கையால் சுழலும்வரை பொறுங்கள். மிக்சி சத்தமே இல்லாமல் கிடந்தால் அடிப்பக்கத்தில் இருக்கும் சிவப்பு ஓவர்லோட் பொத்தானையும் பாருங்கள். அது வெளியே துருத்திக்கொண்டிருக்கலாம். முதன்முதலில் ஓடும்போது கார்பனில் கொஞ்சம் பொறி தெரிவது இயல்பு. கார்பன் என்பது சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொண்டுபோகும் சிறு கட்டை. தொடர்ந்து நெருப்பாகப் பறந்தால் நிறுத்திவிடுங்கள்.

கேசட் பிளேயர், விசிஆர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அவற்றின் ரப்பர் பெல்ட் பல வருடத்தில் தார்போல இளகி ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தால் வந்த கேடல்ல. துடைத்துவிட்டுப் புது பெல்ட் போட்டால் மறுபடி பாடும்.

சுருக்கம்: மோட்டார் சாதனத்தில் முதல் சந்தேகம் எண்ணெய் மேல். கையால் சுழலாததைச் சொருகக்கூடாது.

ஹீட்டர், கெய்சர், வாட்டர் ராடு: ஈரம் குடிக்கும் தூள்

இந்தப் பகுதியில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேச வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இங்கே கெடுவது சாதனம் மட்டுமல்ல, உயிர் போகலாம்.

வாட்டர் ஹீட்டர் ராடின் உள்ளே நிக்ரோம் கம்பிச்சுருள் இருக்கிறது. வெளியே உலோகக் குழாய். இரண்டும் தொட்டுவிடாமல் இருக்க, நடுவில் மக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி அடைத்திருப்பார்கள். அது அருமையான பொருள். வெப்பத்தைக் கடத்தும், மின்சாரத்தைக் கடத்தாது. ஒரே ஒரு குறை, காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். குழாயின் முனைகளில் இருக்கும் அடைப்பு பழசாகிவிட்டால், இரண்டு மழைக்காலம் போதும், உள்ளே ஈரம் இறங்கிவிடும். ஈரமான தூள் மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்தத் தொடங்கும். அதாவது கம்பியில் இருக்க வேண்டிய மின்சாரம் குழாய்க்கு வந்துவிடும்.

வீட்டில் ஆர்சிசிபி இருந்தால் அது உடனே டிரிப் ஆகும். போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று பார்த்து, வித்தியாசம் வந்தால் துண்டிக்கும் கருவி அது. வீடுகளில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர் அளவில் வைத்திருப்பார்கள். இந்த இடத்தில் ஒரு மோசமான ஆலோசனை சுற்றிக்கொண்டிருக்கிறது. "எர்த் பின்னை எடுத்துட்டுப் போட்டுப் பாருங்க, டிரிப் ஆகாது" என்பார்கள். ஆகாதுதான். கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக வழியில்லாமல் அந்த உலோகத்திலேயே காத்திருக்கும், அடுத்து அதைத் தொடுகிறவர் வழியாகப் போகும். அவர் பெரும்பாலும் ஈரக்கையோடு தொடுவார். தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள், யார் சொன்னாலும் செய்யாதீர்கள்.

வெயிலில் காயவைத்தால் சரியாகுமா? வெளியே இருக்கும் ஈரம் போகும். குழாய்க்குள் இறுகிக் கிடக்கும் தூளின் ஈரத்தை வெயில் முழுசாக எடுக்காது. எலக்ட்ரீஷியனிடம் மெக்கர் என்ற கருவி இருக்கும். 500 வோல்ட் கொடுத்து, மின்காப்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளக்கும் கருவி. ஓம் என்பது மின்தடையின் அளவு, மெகா ஓம் என்றால் பத்து லட்சம் ஓம். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்தச் சாதனத்தை ஓட்டக்கூடாது. கெய்சர் என்றால் எலிமென்ட்டை மாற்றலாம். கையில் பிடித்து வாளியில் போடும் ராடு என்றால் என் கருத்தில் யோசிக்கவே வேண்டாம். பல வருடம் கிடந்த ராடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்.

போட்டுப் பார்ப்பது எப்படி

முதலில் மின்சாரமே இல்லாமல் பார்க்க வேண்டியதைப் பாருங்கள். ஒயரை வளைத்துப் பாருங்கள், மேலே வெடிப்பு விட்டால் மாற்ற வேண்டும். பழைய ரப்பர் ஒயர்கள் கையில் தொட்டாலே உதிரும். எலிப் புழுக்கை, குளவிக் கூடு, பல்லி முட்டை ஆகியவை காற்றுத் துளைகளில் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். குலுக்கினால் உள்ளே ஏதாவது உருளுகிறதா? இதுவே பாதி வேலை.

அடுத்தது சீரிஸ் பல்பு. பழைய மெக்கானிக் கடைகளில் எல்லாம் சுவரில் ஒரு பலகை இருக்கும். அதில் ஒரு ஹோல்டர், ஒரு சாக்கெட். சாக்கெட்டுக்குப் போகும் ஃபேஸ் ஒயர் நேராகப் போகாமல், பல்பின் வழியாகப் போகும்படி இணைத்திருப்பார்கள். சோதிக்க வேண்டிய சாதனத்தை அந்த சாக்கெட்டில் சொருகுவார்கள். எளிமையாகத் தெரிந்தாலும் இதன் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது. 100 வாட் குண்டு பல்பு, அந்தச் சாதனம் முழு ஷார்ட் ஆகியிருந்தால்கூட 0.43 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து போகவிடாது. பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், சாதனம் கருகாமல் தப்பிக்கும். சாதனம் நன்றாக இருந்து குறைவாக இழுத்தால், இழை சூடாகாது, அதன் மின்தடை குறைவாகவே இருக்கும், கிட்டத்தட்ட முழு வோல்ட்டும் சாதனத்துக்குப் போய்ச் சேரும். சூடானால் தடையைக் கூட்டிக்கொள்ளும் அந்தக் குணத்துக்காகத்தான் இந்த வேலைக்குக் குண்டு பல்பே வேண்டும். எல்.இ.டி பல்பு ஆகாது.

டிவி, ரேடியோ போன்றவற்றைச் சொருகியதும் பல்பு ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல அறிகுறி. கெபாசிட்டர் நிரம்பி, கசிவு அடங்கியிருக்கிறது. பளிச்சென்று எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட் அல்லது பெருங்கசிவு, உடனே நிறுத்திவிடுங்கள். மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே வந்தால், படலம் தேறிக்கொண்டிருக்கலாம். அயர்ன் பாக்ஸ், ஹீட்டர் போன்றவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவை நல்ல நிலையிலேயே நிறைய இழுக்கும், பல்பு முழுசாக எரியத்தான் செய்யும். மிக்சி மோட்டாரும் இதில் சரியாகச் சுழலாது.

பல்பு மின்னோட்டத்துக்கு ஓர் எல்லை வைக்கிறது, ஆனால் வோல்ட்டை மெதுவாக ஏற்றுவதில்லை. முறையான ரீஃபார்மிங்குக்கு, வோல்ட்டைக் கையால் திருகி ஏற்றும் டிமர்ஸ்டாட் வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர்களுக்கு அது ஏற்றது. வரும் வோல்ட் ஏறி இறங்கினாலும் தன் வெளியீட்டை மாறாமல் வைத்துக்கொள்ளும் எஸ்எம்பிஎஸ் என்ற வகைப் பவர் சப்ளை உள்ள டிவி, கம்ப்யூட்டர்களைக் குறைந்த வோல்ட்டில் ஓட்டினால், தன் தேவையை ஈடுகட்ட அவை இன்னும் அதிக மின்னோட்டம் இழுக்கும். அவற்றில் கெபாசிட்டரை மட்டும் தனியாகக் கழற்றி, மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் கொடுத்துத் தேற்றுவது அல்லது மாற்றிவிடுவதுதான் சரி.

இதையெல்லாம் மேசையில் வைத்துச் செய்வது பழகிய மெக்கானிக்கின் வேலை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். பழைய வண்ணப் படக்குழாய் டிவியில் குழாயின் மேல் 20,000 வோல்ட்டுக்கு மேல் வேலை செய்கிறது, அணைத்த பிறகும் அதில் ஒரு பங்கு நிற்கும். பின்மூடியைத் திறக்காமல் செய்யக்கூடியவரை நீங்கள் செய்யுங்கள். ஒயர், கையால் சுழற்றல், சீரிஸ் பல்பு, மெக்கர் ஆகியவற்றில் அந்தச் சாதனத்துக்குப் பொருந்தும் சோதனைகளில் எல்லாம் தேறினால் நேராகப் பிளக்கில் போடலாம். அப்போதும் முதல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள், கை எட்டும் தூரத்தில் சுவிட்ச் இருக்கட்டும்.

இனி எடுத்து வைக்கிறவர்களுக்கு

வருடத்தில் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம் டிவியையும் ஆம்ப்ளிஃபையரையும் ஓடவிடுங்கள். கெபாசிட்டர் படலத்துக்கு அதுவே தீனி. மிக்சி, ஃபேன் ஆகியவற்றை ஒரு நிமிடம் சுழலவிட்டால் எண்ணெய் உறையாது. எமர்ஜென்சி லைட், யுபிஎஸ் ஆகியவற்றின் பேட்டரி சும்மா இருக்கும்போதே சார்ஜ் இறங்கிக் கெட்டுவிடும், மாதங்கள் கணக்கில் சார்ஜ் இல்லாமல் விடவே கூடாது. பரணைவிடக் கீழ் அலமாரி நல்லது. தெர்மாகோல் பெட்டியோடு வைப்பவர்கள், மழைக்காலத்தில் பெட்டியின் அட்டை நமத்துப்போயிருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். நமத்திருந்தால் சாதனத்தை வெளியே எடுத்து, காற்றோட்டமான இடத்தில் சில நாள் வைத்துவிட்டு, அட்டையைத் தூக்கி எறியுங்கள்.